இரவல் பஸ்கா

பெரிய வியாழன் மாலை அமெரிக்கத் திருச்சபைகள் பலவற்றில் நீண்ட மேசை போட்டு யூதர்களின் பஸ்கா விருந்தை நடத்துகிறார்கள். செதெர் என்பது அதன் பெயர். உப்புநீரில் தோய்த்துத் தின்னக் கொஞ்சம் கீரை, அடிமை வாழ்வின் கசப்பை நினைவூட்டக் காரமான ஒரு கிழங்குத் துருவல், ஆப்பிளும் பருப்புகளும் சேர்த்துப் பிசைந்த இனிப்பு, சுட்ட எலும்பு ஒன்று. துணிக்குள் மூன்று புளிப்பில்லா அப்பங்கள். போதகர் நடு அப்பத்தைப் பிட்டு, ஒரு பாதியைத் துணியில் சுற்றி ஒளித்துவைக்கிறார். மூன்று அப்பம் திரித்துவம், பிட்கப்பட்டது குமாரன், துணி கல்லறைத் துணி, பிள்ளைகள் தேடிக் கண்டெடுப்பது உயிர்த்தெழுதல் என்று விளக்கம் வருகிறது. கூடியிருப்பவர்களுக்கு மெய்சிலிர்க்கிறது. இயேசு கடைசி இரவில் செய்ததையே தாங்களும் செய்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புகிறார்கள்.

அந்த நிறைவில் ஒரு வரலாற்றுப் பிழை இருக்கிறது. அதைவிடப் பெரிய பிழை இன்னொன்றும் இருக்கிறது. அங்கே போகுமுன் இந்த ஆசைக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

யூத வழக்கங்கள்மேல் கிறிஸ்தவர்களுக்கு உள்ள ஈர்ப்பு இன்று நேற்று வந்ததல்ல. 386-387இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூதர்களைத் தாக்கித் தொடர் பிரசங்கங்கள் செய்தார். ஆத்திரம் உண்மையில் தன் சபையார்மேல்தான். அவர்கள் யூதப் புத்தாண்டின் எக்காளத்தைக் கேட்கப் போனார்கள். யூதர்களோடு சேர்ந்து உபவாசம் இருந்தார்கள். கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன், ஒரு பெண்ணைச் சத்தியம் செய்யச் சொல்லி யூத ஜெப ஆலயத்துக்கு இழுத்துப் போனதை அவரே சொல்கிறார். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, அங்கே செய்யும் சத்தியத்துக்குத்தான் பயம் அதிகம் என்று பலரும் சொன்னதாகப் பதில் வந்ததாம். நம்மூரில் குறிப்பிட்ட ஒரு சாமியின் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் கேட்பது போன்ற சங்கதி. அதே நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயா சங்கம், கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை ஓய்ந்திருக்கக் கூடாது, யூதர்களிடமிருந்து புளிப்பில்லா அப்பம் வாங்கக் கூடாது என்று விதி போட்டது. விதி போட்டார்கள் என்றால் ஜனங்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள். தெருவில் புழக்கம் இருந்தது. பிரசங்க பீடத்தில் வெறுப்பு இருந்தது. கடைசியில் பீடம் வென்றது.

அதன் விளைவாக ஐரோப்பிய யூதர்களுக்குப் பரிசுத்த வாரம் பயத்தின் வாரமானது. கிறிஸ்தவக் குழந்தையின் இரத்தத்தைப் பஸ்கா அப்பத்தில் கலக்கிறார்கள் என்ற பழி திரும்பத் திரும்பக் கிளம்பியது. 1247இல் போப் நான்காம் இன்னொசென்ட் அதைக் கண்டித்து எழுதியும் அடங்கவில்லை. 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில், ஈஸ்டர் நாட்களில், அந்த மாதிரியான வதந்தி மூட்டிய கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். நாஜிகளின் இனப்படுகொலைக்குப் பிறகே பெரும்பாலான திருச்சபைகள் தங்கள் போதனையைத் திரும்பிப் பார்த்தன. இயேசுவின் மரணத்துக்காக யூத இனம் முழுவதன்மேலும் பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. 1986இல் போப் இரண்டாம் யோவான் பவுல் ரோமாபுரியின் ஜெப ஆலயத்துக்குள் சென்று யூதர்களை மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். இத்தனைக்கும் பிறகு ஒரு கிறிஸ்தவர் யூத மேசையில் உட்கார விரும்புவது சின்ன விஷயமில்லை.

வேத வாசிப்புக்கும் இதில் லாபம் உண்டு. பரிசேயர் என்றால் மாய்மாலக்காரர் என்ற ஒரே பாடத்தோடுதான் ஞாயிறு பள்ளியில் நாம் வளர்ந்தோம். யூத நூல்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது சுவிசேஷத்தின் வரிகள் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. யோவான் 7ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரப் பண்டிகையின் கடைசி நாளில் இயேசு நின்று, தாகமாயிருக்கிறவர்களைத் தன்னிடம் வரச் சொல்கிறார். ஏன் திடீரென்று தண்ணீர்? பண்டிகை நாட்களில் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் தண்ணீர் மொண்டு, எக்காளம் முழங்க ஆலயத்துக்குக் கொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள் என்று, யூத வேத ஆசான்களான ரபிகளின் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா விவரிக்கிறது. ஆலய முற்றத்தில் பெரிய விளக்குத் தண்டுகள் எரிந்து ஊரெல்லாம் வெளிச்சமாகும் என்றும் அது சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில் இயேசு தன்னை உலகத்துக்கு ஒளி என்கிறார். யூதர்களின் நினைவைத் தவிர்த்துவிட்டு இந்தப் பகுதியை முழுமையாக வாசிக்க முடியாது.

செதெருக்கு இந்த நியாயம் பொருந்துமா?

இயேசுவின் காலத்துப் பஸ்காவின் மையம் எருசலேம் ஆலயத்தில் பலியிட்ட ஆட்டுக்குட்டி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள், பலி நின்றது. பலியில்லாமல் பஸ்காவை எப்படிக் காப்பாற்றுவது என்ற நெருக்கடிக்கு ரபிகள் கண்ட விடைதான் இன்றைய செதெர். அதன் ஒழுங்கை நமக்குக் காட்டும் மிஷ்னா தொகுக்கப்பட்டது ஏறத்தாழ 200இல். எலியா தீர்க்கதரிசிக்காக மேசையில் வைக்கும் கிண்ணம் அதற்கும் வெகுகாலம் பிந்தியது. கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்துதானா என்பதிலேயே சுவிசேஷங்கள் ஒத்துப்போகவில்லை: மத்தேயு, மாற்கு, லூக்கா ஆம் என்கிறார்கள், யோவானிலோ பஸ்காவுக்கு முந்தின ஆயத்த நாளிலேயே இயேசு சிலுவையில் அறையப்படுகிறார். ஆக, இயேசுவின் பஸ்கா என்று திருச்சபைக் கூடத்தில் நடப்பது, இயேசுவை மேசியாவாக ஏற்காத ரபிகள் உருவாக்கிய சடங்கு. அவர்கள் உழைப்பை எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் பெயரை அழித்துவிடுகிறோம். நான் சொன்ன பெரிய பிழை இதுதான். 70க்குப் பிந்தைய யூதர் என்று ஒருவர் இருந்ததையே இந்த விருந்து ஒப்புக்கொள்வதில்லை.

செதெரின் பிற்பகுதியில் வாசற்கதவைத் திறந்து எலியாவை வரவேற்கும் ஓர் இடம் உண்டு. கதவு திறந்திருக்கும்போது, தம் ஜனத்தை விழுங்கியவர்கள்மேல் கோபத்தை ஊற்றும்படி கடவுளிடம் கேட்கும் சங்கீத வசனங்களைப் பல குடும்பங்கள் வாசிக்கின்றன. இடைக்கால ஐரோப்பாவில், சிலுவைப் போர்களின் காலத்தை ஒட்டிச் சேர்ந்த பகுதி இது. விழுங்கியவர்கள் யார் என்று மேசையில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருச்சபைச் செதெரில் எலியா வருவார். இந்த வசனங்கள் வருவதில்லை. கீரையையும் அப்பத்தையும் எடுத்துக்கொண்டு, தங்கள் முன்னோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு நடத்தும் விருந்தை எப்படி மரியாதை என்று சொல்வது?

நடுவில் பிட்ட அப்பத்துக்குக் கிறிஸ்துவை விளக்கமாகச் சொல்லும் பாணி அமெரிக்கத் திருச்சபைகளில் பரவியதில் 1973இல் மொய்ஷே ரோசன் தொடங்கிய 'இயேசுவுக்காக யூதர்கள்' இயக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. யூதர்களை மதம் மாற்றுவதே அதன் வேலை. எனவே திருச்சபைச் செதெரை யூதர்கள் வெறும் நட்புக் காணிக்கையாக எடுத்துக்கொள்ளாததில் வியப்பில்லை. 1988இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், செதெரைக் கடைசி இராப்போஜனத்தின் மறுநடிப்பாக ஆக்க வேண்டாம், அது யாருக்குச் சொந்தமோ அவர்களை மதித்து நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. 2017இல் யெஹியேல் பௌப்கோ, டேவிட் சாண்ட்மெல் என்ற இரண்டு ரபிகள் 'கிறிஸ்டியானிட்டி டுடே' என்ற கிறிஸ்தவ இதழிலேயே எழுதி, திருச்சபைச் செதெரை நிறுத்திவிடுங்கள் என்று நேரடியாகச் சொன்னார்கள். யூதச் சின்னங்களை இரவல் வாங்கும் மிகையின் உச்சம் 2012இல் ஜார்ஜியா மாநிலத்தின் லித்தோனியாவில் நடந்தது. பிஷப் எட்டி லாங் என்பவரை யூத வேதமாகிய தோராவின் சுருளால் சுற்றி, நாற்காலியோடு தூக்கி, ராஜா என்று கொண்டாடினார்கள். பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டார்.

காட்டொலிவக் கிளையாகிய நாம் நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்டவர்கள், ஆகவே இதுவும் நம் சொத்து என்று பவுலைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அதே இடத்தில் பவுல், மற்றக் கிளைகளுக்கு எதிராகப் பெருமை பாராட்டாதே என்றும் எச்சரிக்கிறார். அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. இன்னொரு வாதம் கனமானது. பஸ்கா நூலான ஹகாதாவே கிறிஸ்தவத்துக்குப் பதில் சொல்லி வளர்ந்தது என்கிறார் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் இஸ்ரேல் யுவால். அப்படியானால் இரண்டு மரபும் ஒன்றோடொன்று பேசி வளர்ந்தவை. எதுவும் ஒருவருக்கு மட்டும் பட்டா இல்லை. சரி. ஆனால் பேசி வளர்வதற்கு இரண்டு பேர் வேண்டும். திருச்சபைச் செதெரில் இருப்பது ஒருவர்தான்.

நம் பக்கம் இந்தக் கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது. நெல்லைச் சீமையில் நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்தவர் அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை. மிஷனரியோடு மோதி வேலையை இழந்தார். அவர் பிறந்த சாணார் (நாடார்) சமூகத்தைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் அந்தச் சமூகத்தை இழிவுபடுத்தியது. அந்தக் காயமும் சேர்ந்துகொண்டது. 1857இல் பக்கத்திலிருந்த பிரகாசபுரத்தில் அவர் தனிச்சபை கண்டார். சனிக்கிழமை ஆராதனை, பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் என்று அது நடந்தது. கிறிஸ்தவம் ஆசியாவின் மதம், ஐரோப்பியர் அதில் தங்கள் பழக்கங்களைக் கலந்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. எபிரெய வழக்கமும் தமிழ் வழக்கமும் ஒன்றுக்கொன்று கிட்ட நிற்கின்றன, வெள்ளைக்காரன்தான் தள்ளி நிற்கிறான் என்று அவர் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் அந்தப் பக்கம் வந்தபோது, சனிக்கிழமையை ஆசரிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள்.

சட்டம்பிள்ளையிடமும் உயிரோடிருக்கும் யூதருக்கு இடமில்லை என்று சொல்லலாம்தான். ஆனாலும் அவரை அமெரிக்கப் போதகரோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் ரபிகளின் சடங்கை எடுத்து இயேசுவின் பெயரை ஒட்டவில்லை. இரு சாராருக்கும் பொதுவான வேதத்திலிருந்து எடுத்தார். எடுத்ததும் யூதரைப் போல நடிக்க அல்ல, மிஷன் பங்களாவின் அதிகாரத்திலிருந்து விடுபட.

இன்று நம் எழுப்புதல் கூட்டங்கள் சிலவற்றில் மேடைக்கு வரும் எக்காளத்தில் அந்தப் போராட்டம் எதுவும் இல்லை. கோட்டு சூட்டின்மேல் யூத ஜெபச் சால்வை, கையில் முறுக்கிய நீளக் கொம்பு, பின்னால் இஸ்ரேல் கொடி. ஊதினால் சத்துரு ஓடுவான், கடன் தீரும், கோட்டை இடியும் என்று வாக்களிக்கிறார்கள். யூதர்கள் புத்தாண்டில் அந்தக் கொம்பை ஊதுவது தூங்குகிறவனை எழுப்பி மனந்திரும்பச் செய்ய என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் விளக்கினார். அங்கே கொம்பு ஊதுகிறவனையே சுடுகிறது. இங்கே எதிரியை மட்டும் விரட்டுகிறது. கேள்வி கேட்க நம் ஊரில் யூதர் யாரும் இல்லை என்பது மேடைக்குப் பெரிய வசதி. சென்னைக்கு ஒரு காலத்தில் பவள வணிகத்துக்கு வந்த யூதர்களின் மிச்சமாக இன்று இருப்பது ஒரு சிறிய கல்லறைத் தோட்டம்தான்.

இதற்கு மாறாக, கேரளத்து நஸ்ராணிக் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பாருங்கள். பெரிய வியாழன் இரவு வீட்டிலேயே பெசஹா (பஸ்கா) அப்பம் அவிக்கிறார்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவு, புளிக்க விடுவதில்லை. மேலே குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் ஒரு சிலுவை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் காய்ச்சிய பால் தொட்டுக்கொள்ள. ஜெபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் அப்பத்தைப் பிட்டு வயது வரிசையில் கொடுக்கிறார். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் அவிப்பதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இதன் வேர் யூதரிடம் என்று அவர்களில் பலர் சொல்வார்கள். அது எப்படியும் இருக்கட்டும். (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்கள் மரபுப்படி பஸ்கா வாரத்தில் அரிசியையும் உளுந்தையும் உண்பதில்லை என்பது வேடிக்கை.) அந்த மேசையில் யாரும் யூத வேஷம் போடுவதில்லை. ஹகாதாவைக் கையில் எடுத்து அதற்கு வேறு பொருள் கற்பிப்பதில்லை. யாத்திராகமத்தின் நினைவு அங்கே ஒரு கிறிஸ்தவ வீட்டின் சொந்தச் சமையலாகிவிட்டது.

செதெரைக் காண விரும்பும் கிறிஸ்தவருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. யூதர்கள் வாழும் ஊரில் இருந்தால், அழைத்தபோது போகலாம். பல குடும்பங்கள் அந்த இரவில் விருந்தாளிகளை விரும்பி அழைக்கின்றன. அழைப்பில்லாதவர்கள் மிஷ்னாவையும் ஹகாதாவையும் மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம், கதவு திறக்கும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாமல். திருச்சபைக் கூடத்தில் நடத்தும் செதெரை நிறுத்திவிடுவதே நேர்மை. பெரிய வியாழனுக்கென்று கால் கழுவுதலும் நற்கருணையும் நம்மிடம் இருக்கின்றன.