புகை நீக்கிய கிராமம்

திருச்சியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் 'கன்ட்ரி லிவிங்' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் பதினோரு இதழ்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து, பார்த்து முடித்து, எடைக்குப் போட்டிருக்கவேண்டும். மூன்று இரவுகளில் நானும் பார்த்து முடித்தேன். படித்து என்று சொல்வதற்கில்லை. மரத்தின் ரேகை தெரியும் நீண்ட மேஜை, வெள்ளையடித்த பலகைச் சுவர், விளிம்பு பெயர்ந்த எனாமல் கூஜா, ஒட்டுத்துணி தைத்த மெத்தை விரிப்பு, தானியக் கொட்டகையை மாற்றியமைத்த படுக்கையறை. எல்லாம் அழகாக இருந்தன. அழகில்லை என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதுவது சுலபம். ஆனால் அது பொய்யாகிவிடும்.

இந்தப் பத்திரிகையில் ஒரு பகுதி உண்டு. வாசகர்கள் தங்களிடமுள்ள பழம்பொருளின் படத்தை அனுப்புவார்கள். அது என்ன, என்ன விலை பெறும் என்று நிபுணர் பதில் சொல்வார். இரண்டாவது கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. விலை கேட்பது மனித சுபாவம். முதல் கேள்விதான் உறுத்தியது. ஒரு பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு, அது என்னவென்று இன்னொருவரிடம் கேட்கவேண்டிய நிலை. பொருள் இருக்கிறது, அதன் வேலை போய்விட்டது. வேலை போன பிறகுதான் அது அலங்காரமாகிறது. இந்தப் பத்திரிகையின் ரசனை முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பக்கங்களை மறுபடி புரட்டியபோது வேறொன்றும் தட்டுப்பட்டது. அடுப்பு இருக்கிறது, விறகு ஒழுங்காக அடுக்கியிருக்கிறது, ஆனால் புகை இல்லை. பூவை ஜாடியில் செருகும் கை இருக்கிறது. தொழுவம் கழுவும் கை இல்லை.

இதைச் சரித்திரத்தோடு வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் எட்வர்ட் ஹட்சன் 'கன்ட்ரி லைஃப்' பத்திரிகையைத் தொடங்கியது 1897ல். அவர் லண்டனில் அச்சகம் நடத்தியவர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த மலிவுக் கோதுமையால் ஆங்கிலேய விவசாயம் சரிந்துகொண்டிருந்தது. அந்தச் சரிவின் நடுவில்தான் கிராமத்து மாளிகைகளின் படங்களும் அவற்றை விற்கும் விளம்பரங்களுமாக இந்தப் பத்திரிகை வந்தது. ஹட்சனுக்குக் கிராமத்து வீடு கட்டிக்கொடுத்தவர் எட்வின் லட்யன்ஸ். பிற்பாடு நமக்குப் புதுதில்லியின் வைஸ்ராய் மாளிகையைக் கட்டியவரும் அவரே. 'கன்ட்ரி லிவிங்' தொடங்கியது 1978ல். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் குடியானவர்கள் கடனில் மூழ்கி, பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. 1985ல் அவர்களுக்கு நிதி திரட்டப் பாடகர்கள் மேடையேறவேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில் பண்ணைவீட்டுப் பாணி நகரத்து வரவேற்பறைகளில் பரவியது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. கிராமம் பிழைப்பாக இருக்க முடியாமல் போகிற சமயத்தில் அது படமாக வசீகரம் கொள்கிறது. இரண்டு தேசங்களில், இரண்டு நூற்றாண்டுகளில் இது நடந்திருக்கிறது. நம்மிடம் நடக்காதிருக்க விசேஷக் காரணம் எதுவும் இல்லை.

இதழ்களைப் பார்த்து முடித்த அடுத்த வாரம் பச்சைமலைக்குப் போக நேர்ந்தது. துறையூரிலிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக மலைப்பாதை ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. அங்கிருந்து உள்ளே சிற்றூர்கள். இங்கே வாழ்பவர்களுக்கு மலையாளி என்று பெயர். மலையாள மொழிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

ஒரு சிற்றூரில், கான்கிரீட் வீட்டின் பக்கத்தில் பழைய மண்வீடு நின்றது. செம்மண் பூசிய சுவர், புல் வேய்ந்து இறங்கிய கூரை, சாணமிட்டு மெழுகிய தரையில் கை போன போக்கில் அரைவட்டங்கள். பதினோரு இதழ்களும் என் கண்ணில் ஏறியிருந்ததால், "எவ்வளவு அழகா இருக்கு பாட்டி" என்று வாசலில் உட்கார்ந்திருந்த கிழவியிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, "நீ வந்து மெழுகறியா தம்பி?" என்றாள். கிண்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது. மருமகள் கூலி வேலைக்குக் கீழே போய்விடுகிறாள். குனிந்து மெழுக இவளுக்கு முடியவில்லை.

உள்ளே போனேன். கண் எரிந்தது. அடுப்புப் புகை கூரைக்குள் ஏறி, பரணைக் கரியாக்கி, புல்லின் இடுக்குகளில் கசிந்து வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தப் புகை இல்லாவிட்டால் கூரை நிற்காது, பூச்சி தின்றுவிடும் என்றாள். பரணில் தானியம் இருந்த காலத்தில் புகைதான் அதையும் வண்டிடமிருந்து காத்தது. அதே புகைதான் ஐம்பது வருஷமாக அவள் கண்ணிலும் நெஞ்சிலும் படிந்திருக்கிறது. கூரையைக் காப்பதும் கண்ணைக் கெடுப்பதும் ஒரே புகை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடமுடியாது. அந்த வீட்டின் அழகு இந்தச் சிக்கலுக்குள் இருப்பது.

இப்போது பரணில் தானியம் இல்லை. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி நிற்கிறது. கிழங்கைத் தோண்டியவுடன் லாரியில் ஏற்றி ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சேமிக்கவேண்டிய தானியமே இல்லாதபோது பரண் எதற்கு, அதைத் தாங்கும் உயரமான கூரை எதற்கு? 1985ல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் யோஜனாவும், தமிழக அரசு 2010ல் கொண்டுவந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டமும் குடிசைகளைக் கான்கிரீட்டாக மாற்றின என்று நம் ரசனைக்காரர்கள் வருத்தப்படுவது உண்டு. இங்கே கான்கிரீட் வருவதற்கு முன்பே வயல் மாறிவிட்டது. வயலைக் கேட்காமல் வீட்டுக்காக மட்டும் அழுவது ரசனையின் சோம்பல்.

கிழவிக்கு இந்த வருத்தம் இல்லை. "வெயில்ல அங்க இருக்க முடியாது, மழையில இங்க இருக்க முடியாது" என்றாள். இரவில் கான்கிரீட்டில் படுக்கிறாள், பகலில் புல்கூரையின் கீழ் சமைத்து உட்கார்கிறாள். இரண்டு வீட்டையும் அவள் உபயோகிக்கிறாள், ஒன்றையும் ஆராதிக்கவில்லை. கீழேயிருந்து ஆள் வந்து பழைய உரலையும் கதவு நிலையையும் விலை கேட்டுப் போனதாகவும் சொன்னாள். எதற்கு என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

எதற்கு என்று காரைக்குடிக்குப் போனால் தெரியும். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் பீங்கான் கூஜாக்களும் விற்பனைக்குக் கிடக்கின்றன. பர்மாவில் செய்த லேவாதேவியின் பணம்தான் அந்தத் தேக்காக வந்து நின்றது. இரண்டாம் உலகப்போருக்கும் பர்மாவின் சுதந்திரத்துக்கும் பிறகு பணம் நின்றது, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள், தூண் தெருவுக்கு வந்தது. அந்தத் தூண் ஓர் உணவு விடுதியின் முகப்பில் நிற்கும்போது வட்டிக் கணக்கும் தெரிவதில்லை, பர்மாவில் நிலத்தை இழந்த குடியானவனும் தெரிவதில்லை. 'பாரம்பரியம்' என்ற சொல் மட்டும் மின்விளக்கில் தெரிகிறது.

இதெல்லாம் ஓர் அலங்காரப் பத்திரிகையின் விவகாரம், இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கலாம். நம் உரைநடையில் நெடுங்காலமாக இதே காரியம் நடந்துவருவதால்தான் எழுதுகிறேன். 'மண்வாசனை' என்று நாம் பாராட்டிய கதைகளில் பாதி, அச்சில் வந்த வீட்டு அலங்காரம். திண்ணை, கம்பங்கூழ், சுருக்குப்பையோடு ஒரு பாட்டி, நாலு வட்டார வார்த்தைகள். நகரத்து வாசகன் தன் மனசின் வரவேற்பறையில் வைத்துக்கொள்ளச் சௌகரியமான உருப்படிகள். புகை அங்கே வாசனையாக வருகிறது, கண்ணை எரிப்பதில்லை. தரை மெழுகியிருக்கிறது, மெழுகியது யார், அவளுக்கு இடுப்பு வலித்ததா என்பது கதைக்கு அவசியமில்லாத விஷயமாகிவிடுகிறது.

இதற்கு எதிர் உதாரணமும் நம்மிடம் உண்டு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976ல் வெளிவந்தது. அதில் கிராமம் தயாராக வைக்கப்பட்ட காட்சி இல்லை. ஓடிவந்தவர்கள் காட்டுக்கு நெருப்பு வைத்து, எரித்துத் திருத்தி, ஊரை உண்டாக்குகிறார்கள். ஊர் என்பது செய்யப்பட்டது, அதற்கு எரிந்துபோனது உண்டு என்ற பிரக்ஞை அதில் இருக்கிறது. வட்டார வழக்கை அதிலிருந்து எடுத்துக்கொண்ட பலர் இந்தப் பிரக்ஞையை எடுத்துக்கொள்ளவில்லை. ஜாடியை எடுத்துக்கொண்டார்கள், சூளையை விட்டுவிட்டார்கள்.

நான் இதற்கு வெளியே நிற்பவன் இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் பழைய வீட்டை விற்றபோது அம்மாவின் ஆட்டுக்கல்லை மட்டும் ஆள் வைத்துத் தூக்கிவந்து, அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் வைத்தேன். குழியில் மண் நிரப்பி மணிபிளான்ட் வைத்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். அம்மா அதில் முப்பது வருஷம் மாவாட்டினாள். அப்போது யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. மின்சாரக் கிரைண்டர் வந்த அன்று அவள் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்துக்கொள்ளாமல் அந்தக் கல்லைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதினால், அந்தப் பதினோரு இதழ்களோடு பன்னிரண்டாவதாகச் சேர்க்கவேண்டியதுதான்.

மலையிலிருந்து திரும்பிய அன்று செடியைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தேன். பிடுங்கி என்ன செய்வது? இனி அதில் மாவாட்டப்போவது யார்? செடி இருக்கிறது. கிழவியின் கேள்வியும் இருக்கிறது. இனி மண்வீட்டை அழகாக வர்ணிக்கும் எந்தப் பக்கத்தைப் படித்தாலும், என்னுடையதாகவே இருந்தாலும், அதை முதலில் கேட்பதாக இருக்கிறேன்.