மேகம் வரைந்த கேப்டன்: ஏற்காட்டுக்குக் கேமரா வாங்குமுன் ஒரு விமர்சனக் குறிப்பு

"ஏற்காடு போறோம், எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்கும் புதியவருக்கு நம் ஊரில் இரண்டு பதில்கள் ரெடியாக இருக்கும். ஒன்று கடைப் பதில்: பெரிய சென்சார், கூடவே இரண்டு லென்ஸ், மாதத் தவணை. இன்னொன்று நண்பர்கள் பதில்: "கேமராவுல என்னங்க இருக்கு, கண்ணுதான் முக்கியம்." இரண்டும் பாதி உண்மைதான் என்பது என் கட்சி. இதற்கு நான் சாட்சிக்குக் கூப்பிடும் ஆள் கேப்டன் லின்னேயஸ் டிரைப். அவருடைய படங்களைப் புகழ்பவர்கள் நிறைய. நான் அவற்றைக் கொஞ்சம் குறை கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்க்கச் சொல்கிறேன்.

டிரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை அதிகாரி. 1856-ல் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, ராயக்கோட்டை, சேலம் வழியாகத் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அந்தப் பயணத்தின் படங்கள் 1858-ல் தொகுதி தொகுதியாக வந்தன. அதில் ஒரு தொகுதி ராயக்கோட்டைக்கும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களுக்கும் உரியது. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலை அன்றும் இன்றும் சேலம் மாவட்டம்தான். நாம் லேடீஸ் சீட்டில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அதே வறண்ட சமவெளி, அதே வெயில், அதே புகைமூட்டம் அவர் முன்னாலும் இருந்தது. அவரை ஏற்காட்டோடு சேர்த்துப் படிக்க எனக்கு இது போதும்.

முதலில் "கேமராவில் என்ன இருக்கு" கோஷ்டிக்கு. டிரைப் காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். படம் படு கூர்மையாக வரும். ஆனால் போகிற இடமெல்லாம் இருட்டறையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், நம் ஊர் வெயிலில் தகடு சீக்கிரம் காய்ந்தும் விடும். மெழுகுக் காகித நெகடிவை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். கூர்மை குறைவு, எக்ஸ்போஷர் நேரம் அதிகம். 1855-ல் பர்மா போனபோது டிரைப் எடுத்துப் போனது மெழுகுக் காகிதம். பிற்பாடு கண்ணாடி நெகடிவையும் பயன்படுத்தினார். வேலை என்ன, வழி எப்படி, வெயில் எவ்வளவு என்று பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தார். கருவி முக்கியமில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்க!

இப்போது கடைப் பதிலுக்கு வருவோம். அன்றைய மருந்துக்கு நீல வெளிச்சம்தான் நன்றாகத் தெரியும். பச்சை கொஞ்சம், சிவப்பு சுத்தமாகக் கிடையாது. நீல வானமும் வெள்ளை மேகமும் ஒரே வெளுப்பாக விழும். தூரத்து மலைமேல் படியும் மூட்டம் சிதறடிப்பதும் பெரும்பாலும் நீலத்தைத்தான். அதனால் நம் கண்ணுக்கு மங்கலாகவாவது தெரியும் மலை அவர் நெகடிவில் இன்னும் அதிகமாகக் கரைந்துபோகும். இந்தக் குறையை டிரைப் எப்படிச் சமாளித்தார்? பல நெகடிவ்களில் மேகத்தைக் கையால் வரைந்து சேர்த்தார்.

என் விமர்சனம் இங்கேதான். அந்த மேகங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் அந்த நாளின் மேகங்கள் அல்ல. அரசாங்க ஆவணமாக எடுத்த படத்தில் வானம் மட்டும் கற்பனை. இன்று ஃபோன் ஆப் ஒரே தட்டலில் வானத்தை மாற்றித் தருவதும் இதே வேலைதான். அவரை மன்னிக்க ஒரு காரணம் இருந்தது: அவருடைய மருந்தால் அந்த மேகத்தைப் பிடிக்கவே முடியாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

டிரைப்பின் உச்சம் என்று நான் நினைப்பது தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளின் படம். 21 படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கியது. அதில் வானப் பிரச்சினையும் இல்லை, மூட்டமும் இல்லை. கல், எழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகரும் கேமரா, அவ்ளோதான். கருவியால் முடியாததை ஒப்பேற்றாமல், முடிந்ததை முழுசாகச் செய்த படம் அது. ஆரம்பநிலைக்காரர் காப்பியடிக்க வேண்டிய டிரைப் இவர்தான்.

இதை ஏற்காட்டுக்குக் கொண்டுவருவோம். லேடீஸ் சீட்டிலிருந்து மதியம் சேலத்தை எடுத்தால் சாம்பல் போர்வைதான் கிடைக்கும். லட்ச ரூபாய் கேமரா அந்தச் சாம்பலைக் கூர்மையாகக் காட்டும். நீண்ட லென்ஸ் போட்டால் இன்னும் அதிகக் காற்றின் ஊடே பார்க்கிறோம். மூட்டமும் கூடவே வரும். போலரைசர் ஃபில்டர் கொஞ்சம் உதவும், அதுவும் சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றால். நிஜமான தீர்வு ஓசியில் கிடைக்கிறது: மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. அல்லது தூரத்தை விட்டுவிட்டு, பத்தடிக்குள் இருப்பதை எடுப்பது.

காபித் தோட்டத்துக்குள் கதை வேறு. சில்வர் ஓக் நிழலும் ஊடே விழும் வெயிலும் சேர்ந்தால் ஃபோன் சென்சார் நிஜமாகவே திணறும். முதலில் ரா ஃபைலில், வெளிச்சப் பகுதி வெளுக்காதபடி கொஞ்சம் குறைத்து எடுத்துப் பாருங்கள். அப்படியும் நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தால், பெரிய சென்சாருக்கு அப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கிளியூர் அருவியில் தண்ணீர் பட்டுப்போல வழிய வேண்டுமா? வேண்டியது ட்ரைபாட், வெளிச்சம் குறைக்கும் என்டி ஃபில்டர். புது கேமரா அல்ல. பறவையா? அப்போதுதான் நீண்ட லென்ஸ்.

என் விதி இது: தோற்ற படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஏன் தோற்றது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாதவரை எதையும் வாங்க வேண்டாம். "வெளிச்சம் பத்தல" என்பது காரணம். "படம் ப்ரொஃபஷனலா இல்ல" என்பது காரணமே இல்லை. அதற்கு மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. காரணம் தெரிந்தபின் செகண்ட் ஹேண்ட் பாடி, கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் 1.8 என்று ஆரம்பித்தால் பல வருடம் ஓடும்.

டிரைப்பிடம் இன்னொரு குறை, மனிதர்கள் அபூர்வம். நீண்ட எக்ஸ்போஷரில் நடமாடுபவர்கள் தங்கமாட்டார்கள். கோட்டைகளும் பாறைகளும் கோயில்களும் ஆள் இல்லாத நிலம்போல நிற்கின்றன. நம் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓடும். இருந்தும் ஏற்காடு என்று தேடினால் வருவது மூடுபனி, ஏரிப் படகு, பகோடா பாயின்ட். தோட்டத்தில் பழம் பறிப்பவர்களையும், மலைமேல் ஊர் ஊராக வாழும் மலையாளிப் பழங்குடியினரையும், பாக்சைட் வெட்டிய செம்மண் தழும்பையும் காணோம். அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, நின்று எடுக்க நேரம் வேண்டும். அதற்குத் தடை கருவி இல்லை.

1859-ல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி டிரைப்பின் புகைப்பட வேலையை நிறுத்திவிட்டார். அதன்பின் அவர் பெரிதாகப் படம் எடுக்கவே இல்லை. அவருக்குக் காசு கொடுத்தது அரசாங்கம்; நமக்கு நம் சம்பளம். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத் தளத்தில் அவர் படங்களை ஓசியிலேயே பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் எது மருந்து செய்தது, எது மனிதர் செய்தது என்று பிரித்துப் பாருங்கள். தவணை கட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு இதற்குப் போகட்டும்.