வெள்ளத்தை எண்ணும்போது நிலத்தையும் எண்ணுவோம்

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அடையாறு கரைபுரண்டு ஊருக்குள் வந்தது. வானிலை ஆய்வாளர் மழையை அறிந்திருந்தார், பொறியாளர் ஏரியை அறிந்திருந்தார், கடலாய்வாளர் ஓதத்தை அறிந்திருந்தார். இம்மூன்றையும் சேர்த்து எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

அந்தக் குறையைப் போக்கப் பிறந்ததுதான் ‘சி-ஃப்ளோஸ்’ என்னும் வெள்ள முன்னறிவிப்பு முறை. மும்பை ஐஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இதை இயக்குகிறது. பல்துறை ஆய்வு என்ற சொல்லைக் கருத்தரங்குகளில் கேட்டுச் சலித்தவர்கள் இதன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். சென்னை தட்டையான ஊர். கடலில் ஓதம் ஏறியிருக்கும் வேளையில் முகத்துவாரத்தில் ஆற்றுநீர் வடியாது, பின்வாங்கித் தேங்கும். அதே அளவு மழை ஓதம் இறங்கும் வேளையில் பெய்தால் பாதிப்பு வேறு. மழை, ஏரி, ஆறு, ஓதம், நிலத்தின் மேடுபள்ளம் ஐந்தையும் ஒரே கணக்கில் கொண்டுவராமல் இதைச் சொல்லவே முடியாது. துறைகள் கைகோத்ததால் மட்டுமே கிடைத்த அறிவு இது. இதைத் தயங்காமல் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்தக் கூட்டணி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: தண்ணீர் எங்கே வரும்? அங்கே வீடு எப்படி வந்தது என்பது அதற்கு முந்தைய கேள்வி. அது கணக்குக்குள் வரவில்லை.

ஒக்கியம் மடுவுப் பாலத்தில் மழைநாளில் நின்று பாருங்கள். தென்புறநகர் ஏரிகளின் கலங்கல் தாண்டிய நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, இந்த ஒரு வாய் வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொட வேண்டும். ஒரு பக்கம் வானுயர்ந்த மென்பொருள் அலுவலகங்கள், இன்னொரு பக்கம் ஆகாயத்தாமரை. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு இது. 2022இல் ராம்சர் தகுதி பெற்றபோது அந்த எல்லைக்குள் வந்தது 1,248 ஹெக்டேர். பெருங்குடிக் குப்பைமேடும் சதுப்பின் மேல்தான் எழுந்தது. வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் மையமும் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. சதுப்பு எப்படிச் சுருங்கியது, யாருடைய அனுமதியில் சுருங்கியது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் சூழலியலாளரும் சமூகவியலாளரும். அவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி போடப்படவில்லை என்பதே என் முதன்மையான குறை.

இதற்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் இதே சதுப்பின் தாழ்நிலம். அங்கும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்கிறது. போதாததற்கு, பிழைப்பும் பள்ளிக்கூடமும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போயின. நீர்நிலைகளின் மேல் எழுந்த பெரிய கட்டடங்களை விட்டுவிட்டுக் குடிசைகளை மட்டும் அகற்றும் போக்கைப் பற்றி, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கேரன் கோயல்ஹோ 2010லேயே இன்னொருவருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார். வெள்ளத்துக்கு ஐந்து ஆண்டு முன்பே கையில் இருந்த அறிவு அது. ஆனால் நம் நடைமுறையில் சமூக ஆய்வாளரை அழைப்பது எல்லாம் முடிவான பிறகு, மக்களைச் சமாதானப்படுத்தத்தான்.

வேறு வழியிலும் முயன்றிருக்கிறார்கள். நெதர்லாந்து அரசின் முன்முயற்சியில் 2018இல் தொடங்கிய ‘ஆயிரம் குளங்களின் நகரம்’ திட்டத்தில் கட்டடக் கலைஞர், பொறியாளர், சதுப்பு ஆய்வாளர், குடிசைவாழ் மக்களோடு பணியாற்றுவோர் எல்லோரும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார்ந்தார்கள். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே சிக்கலாகப் பார்த்தது அதன் பெரிய பலம். 2015இல் மூழ்கிய அதே ஊருக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலேறி வந்ததே! அத்திட்டத்தின் முன்மாதிரி ஒரு பள்ளி வளாகத்தில் நிற்கிறது. அங்கே கழிவுநீர் செடிகொடி வேர்களின் ஊடே வடிந்து தெளிந்து நிலத்துக்குள் இறங்குகிறது. அழகான வேலைதான். ஆனால் 426 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிக்கு ஒரு பள்ளி வளாகம் எம்மாத்திரம்? வெளிநாட்டு நிதியை நம்பிய ஆய்வுகள் முன்மாதிரியோடு நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டோம்.

இன்னொரு அறிவும் எந்த ஆய்வுக் குழுவிலும் இடம்பெறவில்லை. எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வரத்துக்கால் எங்கே தூர்ந்தது என்று தலைமுறையாகத் தெரிந்துவைத்திருந்த நீர்க்கட்டிகளின் அறிவு அது. புறநகர் ஏரிகளின் கீழ் பாசனம் முடிந்ததும் அவர்கள் வேலையும் முடிந்தது. அவர்களில் எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்த 20 ஆண்டுக்கான மூன்றாம் திட்டத்தில் வெள்ள வரைபடம் பின்னிணைப்பாகக் கிடக்கக் கூடாது. கட்டட அனுமதி தரும் மேசையில் அது விரித்திருக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது, உங்கள் தெரு முன்பு எந்த ஏரியின் போக்குக்காலாக இருந்தது என்று கேட்டு எழுதுங்கள்.