நெரித்தலும் அரைத்தலும்: ஏசாயா 3:15இன் தமிழாக்கத்தில் ஒரு வினைச்சொல்

கோலார் தங்கவயலில் நூறாண்டுக்கும் மேலாகத் தமிழில் வழிபாடு நடந்து வருகிறது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கத் தொழிலை நிலைநிறுத்த, வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்திரளாகக் குடியேறினர். அவர்களுள் சீர்திருத்தச் சபையினர்க்கு வாய்த்த விவிலியம், ஹென்றி பவர் குழுவினர் 1871இல் முடித்த திருப்புதலாகும். அத்திருப்புதல் ஓரிடத்தில் கைவிட்ட வினைச்சொல், தங்கவயலின் தொழிலோடு நெருங்கிய உறவுடையது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

எபிரேய மொழியில் 'தாஹன்' என்னும் வினை மாவாக்குதலைக் குறிக்கும். அரபியிலும் இதன் இனச்சொல் அதே பொருளில் வழங்குகிறது. பழைய ஏற்பாட்டில் இவ்வினை எட்டு இடங்களிலேயே வருகிறது. அவற்றுள் ஏழு இடங்களில் பவர் திருப்புதல் 'அரை' என்னும் வினையையே ஆள்கிறது. மன்னாவைப் பக்குவப்படுத்தும் எண்ணாகமம் 11:8இல் அரைத்தலும் இடித்தலும் வேறுபடுத்தப்படுகின்றன. காசாவின் சிறையில் சிம்சோன் மாவரைக்கிறான். யோபு 31:10இல் இச்சொல்லுக்குப் பாலியல் சார்ந்த குறிப்புப் பொருள் உண்டு. 'மாவரை' என்னும் தமிழ்ச்சொல் அதனைத் தாங்கவில்லை என்பதை இங்குச் சுட்டியமைவோம்.

'அரை' பொருத்தமான தேர்வுதானா? தமிழில் அம்மியில் அரைப்பர், உரலில் இடிப்பர், சுழலும் கல்லில் திரிப்பர். திருப்புதலில் 'ஏந்திரம்' என்ற சொல்லும் உடன் வருவதால், 'திரி' என்பதே முறை என்று வாதிட இடமுண்டு. ஆயின் பண்டை இஸ்ரயேலரின் கல் சுழலும் கல்லன்று. நிலத்தில் கிடத்திய அடிக்கல்லின்மேல் மேற்கல்லைப் பெண்ணொருத்தி முழந்தாளிட்டு முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தாள். இச்செயல் நம் அம்மிக்கும் குழவிக்கும் அண்மையது. எனவே பிழைபட்டது 'ஏந்திரம்' என்னும் பெயர்ச்சொல்லே. வினை சரியாகவே அமைந்துவிட்டது. சிம்சோனைச் செக்குமாடுபோல் சுற்றிவரச் செய்யும் ஓவியங்களும் பிற்காலக் கற்பனையே. விலங்கு இழுக்கும் பெருங்கல் அக்காலத்தில் இல்லை. அவனுக்கு நேர்ந்த இழிவு, அடிமைப் பெண்ணின் வேலை அவன்மேல் சுமத்தப்பட்டதே ஆகும்.

எஞ்சிய எட்டாம் இடம் ஏசாயா 3:15. மூப்பரையும் பிரபுக்களையும் நோக்கி, ஏழைகளின் முகத்தை இப்படிச் செய்வது ஏன் எனக் கடவுள் வினவுவதாக அமைந்த பகுதி அது. அங்கு மட்டும் 'அரை' மறைந்து 'நெரி' வருகிறது. இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. உபாகமம் 9:21இல் மோசே பொற்கன்றை முதலில் நொறுக்குகிறார். பின்னர்த் தூளாக அரைக்கிறார். ஏசாயாவிலும் இரு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதல்வினை எபிரேயத்தில் வேறெனினும் தமிழில் அதுவும் 'நொறுக்கு' என்றே அமைந்துள்ளது. இரண்டாவதையும் 'அரை' என்றே விட்டிருப்பின், விக்கிரகத்துக்குச் செய்ததை ஆள்வோர் ஏழைகளுக்குச் செய்கின்றனர் என்னும் இணைவு தமிழில் பளிச்சென்று புலப்பட்டிருக்கும். ஒரு சொல் மாறியதில் அவ்வழி அடைபட்டுவிட்டது.

நொறுக்கி அரைத்துப் பொன் காணும் தொழில் தங்கவயலினது. வெட்டிய பாறையை இரும்பு உலக்கைகள் வரிசையாக விழுந்து இடித்தன. உருளும் ஆலைகள் அதை மேலும் நுண்ணிய மாவாக்கின. சயனைடு கரைசல் அம்மாவிலிருந்து பொன்னைப் பிரித்தது. பிற்காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் பொன்னே தேறியது. எஞ்சிய மாவு முழுவதும் மேடுகளாகக் குவிந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் 'சயனைடு மேடு' என்று வழங்கும் அக்குவியல்கள் நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அவற்றின் தூசு குடியிருப்புகள்மேல் படிகிறது. சுரங்கத்தினுள்ளே கல்தூசு தொழிலாளர் நுரையீரலில் படிந்து விளைத்த சிலிக்கோசிஸ் நோயும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டது. 'நெரி' என்பது கையால் ஒருகணத்தில் முடியும் வன்முறை. அரைத்தலுக்கோ இரண்டு கற்கள் வேண்டும், பொழுது வேண்டும், விளையும் மாவால் பயன்பெறுவோர் ஒருவரும் வேண்டும். தங்கவயலின் வாசகர்க்கு எச்சொல் கூடுதலாகப் பொருள் தந்திருக்கும் என்பது விளக்க வேண்டாதது.

திருப்புதலார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தமிழில் மருந்தை அரைப்பர், சாந்தை அரைப்பர். மனிதரை அரைத்தல் என்னும் வழக்கு இல்லை. அரைத்த மாவையே அரைத்தல் என்னும் மரபுத்தொடர் சலிப்பைச் சொல்வதேயன்றி ஒடுக்குதலைச் சொல்வதன்று. முற்காலத்தாரும் இவ்விடத்தில் தடுமாறியுள்ளனர். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு, ஏழையரின் முகத்தை வெட்கப்படுத்துவதாக இதனை மாற்றியது. எரோனிமுவின் இலத்தீன் பெயர்ப்போ அரைத்தலை விடவில்லை. எனினும் வழக்கின்மை என்னும் காரணம் முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. எபிரேய விவிலியத்திலும் இவ்வினை மனிதரைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் இடம் இதுவொன்றே. மற்ற இடங்களில் அரைபடுவன தானியம், மன்னா, பொற்கன்று ஆகியனவே. ஏசாயாவை முதலிற் கேட்டோர் காதிலும் அச்சொல் வழக்குமீறியே ஒலித்திருக்க வேண்டும்.