தாயின் துயரும் முளையாத விதையும்

ஹோமர் பெயரால் வழங்கும் டிமீட்டர் துதியைப் பருவமாற்றக் கதையென்றே பலரும் சுருக்குவர். நூற்போக்கு அதற்கு இசையாது. தானியத் தேவியான டிமீட்டரின் மகள் பெர்சிபோனியைப் பாதாளத்தரசன் ஹேடிஸ் கவர்வதற்கு, ஜீயஸின் திருவுள்ளப்படி, ஒரு வேரில் நூறு பூக்கொண்ட நார்சிசஸ் செடியை மலர்த்தினவள் நிலமகளே. ஆகையாலே இங்கு இயற்கை வெறும் பின்புலமன்று, சூழ்ச்சிக்கு உடந்தை. 9 நாள் உண்ணாது தேடியலைந்த தாயோ, பின்னர் அந்நிலத்தில் விதை முளையாதபடி தடுத்தாள். மானிடர் மாய்ந்தால் தேவர்க்கு அவி ஏது? ஜீயஸ் இணங்கினான். ஆயினும் மாதுளை வித்தொன்றை உண்டமையால், ஆண்டில் மூன்றிலொரு பங்கு மகள் கீழுலகில் தங்க நேர்ந்தது. தெய்வ ஆணையும் முழுதும் வெல்லவில்லை. தாயன்பும் முழுதும் வெல்லவில்லை. பருவம் இதன் பயன், பிரிவாற்றாமையே காரணம். காரணத்தை விட்டுப் பயனை மட்டும் பற்றுவது உரையாகாது.