மலைமேல் ஒரு மார்கழி

சென்னையில் மார்கழி மாதம் ஒரே நாளில் மூன்று கச்சேரிகளைக் கேட்டு, நடுவே சபாவின் கான்டீனில் கீரை வடையும் காபியும் முடித்துக்கொண்டு, மாலையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் ஓர் ஓவியக் காட்சியின் திறப்புக்கும் தலைகாட்டிவிட்டு வீடு திரும்புகிற ரஸிகர் ஒருவர், உத்தியோக நிமித்தம் நீலகிரிக்கு மாற்றலாகி வந்து, உதகை சேரிங்கிராஸில் நின்று, "இங்கே கலை நிகழ்ச்சியெல்லாம் எப்போது?" என்று விசாரிப்பாரானால், "மே மாதம் ஸீஸன் வரட்டும், சார்" என்ற விடைதான் கிடைக்கும். விடை சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்துச் சொன்னது விருந்தாளிகளின் பஞ்சாங்கம்.

அந்தப் பஞ்சாங்கத்தைக் கணித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னை ராஜதானியின் கவர்னரும் அவருடைய பரிவாரமும் கோடை வெயிலுக்கு அஞ்சி மலையேறிய காலத்தில், நாட்டியமும் நாடகமும் குதிரைப் பந்தயமும் அவர்களோடு கூடவே ஏறின. அவ்விதக் கேளிக்கைகளுக்குரிய கூடமாயிருந்த அசெம்பிளி ரூம்ஸ் பிற்பாடு சினிமாக் கொட்டகையாகி, இன்னும் அந்தப் பெயராலேயே வழங்குகிறது. 1896-இல் தொடங்கிய மலர்க் காட்சியும், அதையொட்டி அரசாங்கம் நடத்தும் கோடை விழாவும் அதே ஸீஸனின் சந்ததிகள். சித்திரக்காரர்களும் வந்தார்கள்: காப்டன் ரிச்சர்ட் பாரன் தம் நீலகிரிக் காட்சிகளை 1837-இல் புத்தகமாக்கினார், எட்வர்ட் லியர் 1874-இல் வந்து வரைந்து சென்றார், முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதி, அவர் காலமான பின் 1873-இல் வெளிவந்த நூலில், சென்னை கலைப்பள்ளியார் எடுத்த புகைப்படங்கள் இடம்பெற்றன. இவற்றிலெல்லாம் மலைவாசி காணப்படுபவரே அன்றி, காண அழைக்கப்பட்டவர் அல்லர்.

மலையின் சொந்தப் பஞ்சாங்கமோ வேறு. புல்வெளி முழுதும் உறைபனியால் வெளுத்துக் கிடக்க, லாட்ஜுகளில் வாடகை இறங்கியிருக்கும் டிசம்பர், ஜனவரியில்தான், தோடர் தம் மொற்பர்த் பண்டிகைக்கு, மந்து என்று வழங்கும் தம் குடியிருப்புகளுள் ஒன்றான முத்தநாடு மந்தில் கூடுகிறார்கள். படகர் வெள்ளை உடுத்தி எத்தையம்மனைத் தொழப் பேரகணிக்கு நடக்கிறார்கள். கோத்தர் கம்பட்டராயர் திருவிழாவில் இரவிரவாக ஆடுகிறார்கள். மயிலாப்பூரில் ஸீஸன் நடக்கும் அதே நாட்களில் இங்கேயும் ஸீஸன்தான் நடக்கிறது. டிக்கெட் இல்லாத காரணத்தால் அதை ஒருவரும் ஸீஸன் என்று சொல்வதில்லை.

இவற்றுள் தோடர் பாட்டு சிறிது நிதானித்துப் பார்க்கத்தக்கது. 1930-களில் அம்மக்களோடு பழகிச் சேகரித்த பாடல்களை எமனோ என்னும் மொழியறிஞர் 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். அவற்றிலிருந்து தெரியவருவது, ஒரு தோடர் பாட்டு இன்ன மனிதர், இன்ன எருமை, இன்ன சம்பவம் என்று அந்தச் சந்தர்ப்பத்துக்கென்றே கட்டப்படுகிறது என்பதும், வழிவழியாய் வந்த இரட்டைத் தொடர்களை அடுக்கி, சொல்லவேண்டியதைக் குறிப்பாகவே சொல்லுகிறது என்பதுமாகும். கேட்பவருக்கு அந்த எருமையின் வமிசமும், அந்த மந்தின் சரித்திரமும் தெரிந்திருந்தாலொழியப் பாட்டில் பாதி விளங்காது. நம் சபைகளில் ராகம் தெரியாதவர் தலையாட்டிச் சமாளிக்கலாம். இங்கே அந்தச் சௌகரியம் இல்லை.

கோத்தர் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. கொல்லு வேலையும் மட்பாண்டமும் போலவே வாத்தியமும் அவர்கள் கையில் இருந்தது. தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தரின் குழலும் தப்பட்டையும் இன்றியமையாதவையாய் இருந்தன. அந்தச் சேவகத்தைக் கொண்டே பிறர் தம்மைத் தாழ்வாக எண்ணுகிறார்கள் என்று கண்ட அவர்கள், 1930-கள் முதல் அதைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். வாத்தியத்தையோ கைவிடவில்லை, தெய்வத்துக்குரிய வாசிப்பு, ஆட்டத்துக்குரியது, சாவுக்குரியது என்ற பாகுபாட்டோடு தம் ஏழு ஊர்களுக்குள்ளே அதைக் காத்துவருகிறார்கள். தமக்கு ரஸிகர் யார் என்பதைத் தாமே தீர்மானித்த வித்வான்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. என் அபிப்பிராயத்தில், இந்த மலையின் கலைச் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய சம்பவம் வேறு இல்லை.

ஒரு மே மாதத்து மாலை, மேடை நிகழ்ச்சி ஒன்றுக்கு முன்பு, தப்பட்டைக்காரர் ஒருவர் திரைக்குப் பின்னால் அங்குமிங்கும் தவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தூறலில் தோல் தொய்ந்துவிட்டது; நாலு சருகைக் கொளுத்திக் காய்ச்சினால் விறைக்கும். மேடையருகே தீ மூட்டக்கூடாது என்றார் ஏற்பாட்டாளர். அவருக்கு ஒதுக்கப்பட்ட பத்து நிமிஷமும் அந்தத் தோல் ஈரச்சாக்கை அடித்தாற்போலவே முனகிற்று. கைதட்டல் மட்டும் குறைவில்லை.

விருந்தாளிகளின் பஞ்சாங்கத்தில் நல்ல தினங்களே இல்லை என்று சொல்லவரவில்லை. கட்டடக் கலைஞர் சிஸம் கட்டிய நீலகிரி நூலகத்தின் உயர்ந்த கூடத்தில் இலக்கிய விழா கூடுகிறது. இருளர் ஆட்டத்தை மேடையில்தான் முதன்முதல் கண்டவர் பலர். நானும் அவர்களில் ஒருவன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதிலும் குற்றமில்லை. ஆனால் வெள்ளைப் போர்வையில் கோலம் எதுவும் வரைந்துகொள்ளாமல், நெசவின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பையும் கறுப்பையும் கோத்துப் போகும் ஒரு மூதாட்டியின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கண்ணாடி உறுத்தத் தொடங்கும்.

மாற்றலாகி வந்த நம் ரஸிகர், ஆகையால், மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு காலையிலேயே முத்தநாடு மந்துக்குப் போகலாம். கூம்பு வடிவக் கோயிலுக்குள் செல்வது தோடர் ஆடவர் மட்டுமே. வழிபாடு முடிந்ததும் அவர்கள் வெளியே வந்து, கைகோத்து வட்டமிட்டு ஆடுவார்கள். இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்கப் பார்ப்பார்கள். நாற்காலி கிடையாது. பனி உருகி நனைந்த புல்லில் நிற்பதற்கு மட்டும் தாராளமாக இடம் உண்டு.