ஆசைக்கு இணங்கி வாங்கிய காமிரா

பழைய பொருள்களின்மேல் எழும் ஆசையை விவேகத்தால் அடக்குவதையே வழக்கமாகக் கொண்ட நான், ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து எர்ன்ஸ்ட் லைட்ஸ் தொழிற்சாலை 1954-இல் வெளியிட்ட லைக்கா எம்3 என்னும் தூரமானிக் காமிராவைக் கண்ணருகே வைத்துப் பார்த்ததும், அந்த ஆசைக்கு மனமுவந்து இணங்கிவிட்டேன். அதன் சாளரத்தில் நோக்கினால், மத்தியிலுள்ள சிறு நீள்சதுரத்தில் எதிரே நிற்பவரின் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்ப, அவ்விரு பிம்பங்களும் ஒன்றையொன்று நெருங்கி, முடிவில் இமையோடு இமை பொருந்தி ஒன்றாகிவிடும் கணமே, தூரம் சரியாக அமைந்தது என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம்.

உள்ளே எழுந்து விழும் கண்ணாடி இல்லாமையால், பிலிமின்மேல் ஒளி விழத் திறந்து மூடும் துணித்திரை நகரும் ஓசை அருகில் நடக்கும் சம்பாஷணையைக்கூடக் கலைப்பதில்லை. பிலிமை நகர்த்தும் நெம்புகோலின் வழவழப்பில், அதை உருவாக்கிய தொழிலாளரின் சிரத்தை இன்றும் விரலுக்குப் புலப்படுகிறது. பாட்டரி ஏதும் வேண்டாத இந்த யந்திரம், வெளிச்சத்தை நிதானிக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டு, பார்வைக்கு நல்ல அப்பியாசம் அளிக்கிறது.

இத்தகைய காமிரா உங்கள் கைக்கு எட்டுமானால், துணித்திரையில் துளை உண்டா, இரு பிம்பங்களும் பிசகின்றிக் கூடுகின்றனவா என்று பரிசோதித்துவிட்டு, தயங்காமல் வாங்குங்கள். வாங்கியதை அலமாரியில் பூட்டாமல், தினமும் உபயோகியுங்கள்.